தட்டில் ஏறிய குரல்கள் – 7: ராஜபார்ட் மாறினால் பாட்டும் மாறும்

சென்ற இதழில் 1902-இல் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்த பிரெட் கெய்ஸ்பெர்க்கையும், அவர் கொண்டுவந்த ஊதுகுழல் கருவியையும் பார்த்தோம். பாடுகிறவர் குழலின் வாய்க்கு நேரே முகத்தைக் கொடுத்து, அடித்தொண்டையைத் திறந்து பாட வேண்டும். மெல்லிய குரல் மெழுகில் பதியாது. மிருதங்கத்தின் தொப்பி அடித்தால் ஊசி துள்ளிவிடும். மேற்கே 1925-இலும் நம் பக்கம் அதற்குச் சில ஆண்டுகள் கழித்தும் மின்சாரப் பதிவு வந்த பிறகுதான் இந்தத் தொல்லை தீர்ந்தது. அந்த மாற்றத்தின் நடுவில், பழைய தொண்டையோடு புதிய மைக்கின் முன் நின்றவர்கள் நாடகக்காரர்கள். இந்த இதழ் அவர்களுக்கு.

தமிழ் நாடகப் பாட்டின் வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆசிரியரில் தொடங்கி கம்பெனியில் முடிக்கிறார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதினார், இன்ன கம்பெனி நடத்தியது என்று கணக்கு முடிந்துவிடும். பழைய இசைத்தட்டுகளைத் தொடர்ந்து கேட்கிறவருக்கு இந்தக் கணக்கு போதாது. எழுதியவர் ஒருவர், மெட்டு ஒன்று, ஆர்மோனியமும் அதேதான். ஆனால் பாடுகிறவர் மாறியதும் பாட்டின் சுருதி, வேகம், நீளம், கூட வாசிக்கிறவரின் வேலை எல்லாமே மாறிவிடுகின்றன. அந்தப் பாட்டுக்குப் பாதி ஆசிரியர் அதைப் பாடியவர்தான் என்பது என் கட்சி. அதற்கான சாட்சியங்கள் பலவும் நம் திருச்சியைச் சுற்றியே இருக்கின்றன.

முதலில் ஸ்பெஷல் நாடகம் என்ற ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். 1867-இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து 1922-இல் புதுச்சேரியில் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி போன்ற நாடகங்கள் தமிழ்நாடு முழுக்கப் பொதுச் சொத்தாகிவிட்டன. ஸ்பெஷல் நாடகத்தில் நிரந்தரக் குழு என்று ஒன்று கிடையாது. ஊர்க்காரர்கள் ராஜபார்ட்டுக்குத் தனி அச்சாரம், ஸ்திரீபார்ட்டுக்குத் தனி அச்சாரம், பபூனுக்கும் ஆர்மோனியத்துக்கும் தனித்தனி அச்சாரம் கொடுப்பார்கள். வேறு வேறு ஊர்களிலிருந்து வருகிறவர்கள் அன்று சாயங்காலம்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். ஒத்திகை இல்லை. இரவு பத்து மணிக்குத் திரை தூக்கினால் விடிய விடிய நாடகம்.

ஒத்திகை இல்லாத நாடகத்தைப் பிடித்து நிறுத்தியது பாட்டு. வள்ளியும் வேலனும் தினைப்புனத்தில் செய்யும் தர்க்கம் எவ்வளவு நேரம் போகும் என்று யாருக்கும் தெரியாது. ஸ்திரீபார்ட் ஒரு விருத்தத்தை எடுத்துவிட்டால் ராஜபார்ட் அதே ராகத்தில் பதில் சொல்ல வேண்டும். சொல்ல முடியாதவருக்கு அடுத்த ஊரில் அச்சாரம் கிடைக்காது. ஜனங்களும் வள்ளி திருமணம் பார்க்கப் போகிறோம் என்று சொல்லவில்லை. இன்னார் ராஜபார்ட், இன்னார் ஸ்திரீபார்ட், கேட்கப் போகிறோம் என்றுதான் சொன்னார்கள். கதை எல்லோருக்கும் மனப்பாடம். புதிதாகக் கேட்க இருந்தது தொண்டை ஒன்றுதான்.

இதற்கு நேர் எதிரான ஒரு மரபு ஸ்ரீரங்கத்திலேயே இருக்கிறது. மார்கழியில் பகல் பத்துக்கு அர்ஜுன மண்டபத்திலும் இராப்பத்துக்கு ஆயிரங்கால் மண்டபத்திலும் அரையர்கள் கூம்பு வடிவக் குல்லாய் அணிந்து, கையில் தாளம் கொண்டு திவ்யப் பிரபந்தம் சேவிக்கிறார்கள். அது பரம்பரை உரிமை. அங்கே பாசுரம்தான் அரசு. அரையர் அதற்குக் கைங்கரியம் செய்கிறவர். இந்த ஆண்டு யாருடைய சாரீரம் எப்படி என்று எடைபோட அங்கே யாரும் போவதில்லை. ஒரே தீவில், ஒரே காவிரித் தண்ணீர் குடித்த ஜனங்கள், கோயிலுக்குள் வாசகத்தைக் கேட்டார்கள். பாலம் தாண்டி நாடகக் கொட்டகையில் குரலைக் கேட்டார்கள். இரண்டு காதும் நமக்கு இருந்தன. தமிழ் இசைத்தட்டு வளர்ந்தது இரண்டாவது காதை நம்பி.

திருச்சியில் அந்தக் காதை எல்லோருக்கும் முன்னால் கூர்மையாக வைத்திருந்தவர் எஃப்.ஜி. நடேச ஐயர். தென்னிந்திய ரயில்வேயில் அதிகாரி, மேடை நடிகர், 1914-இல் திருச்சியில் ரசிக ரஞ்சன சபாவைத் தொடங்கியவர். 1938-இல் வந்த சேவாசதனம் படத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமியின் கணவராக நடித்ததும் இவரே. இந்த ஒரு மனிதரின் காதில் பிற்காலத்தின் இரண்டு பெரிய குரல்கள் விழுந்திருக்கின்றன. கரூர்ப் பக்கம் ரயிலில் பாடிக்கொண்டிருந்த கொடுமுடிச் சிறுமியைக் கவனித்து, வேலு நாயரின் நாடகக் கம்பெனிக்கு வழிகாட்டியவர் அவர் என்று கே.பி. சுந்தராம்பாளின் வரலாற்றில் சொல்லப்படுகிறது. மயிலாடுதுறையில் பிறந்து குடும்பத்தோடு திருச்சிக்கு வந்த பொற்கொல்லர் கிருஷ்ணமூர்த்தி ஆசாரியின் மகனை, பத்து வயதில், ஹரிச்சந்திராவில் லோகிதாசனாக மேடையேற்றியவரும் அவரே. அந்தப் பையன் எம்.கே. தியாகராஜ பாகவதர். ரயில்வே அதிகாரியாகப் பார்த்த வேலையைவிட இந்த இரண்டு காரியங்களுக்காகவே திருச்சி அவரை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இனி தட்டுகளுக்கு வருவோம். செங்கோட்டையில் 1906-இல் பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பா சிறுவயதிலேயே மேடை ஏறி, கண்ணையா கம்பெனியில் பெயர் வாங்கியவர். 1926-இல் கொழும்பில் அவரும் சுந்தராம்பாளும் சேர்ந்து வள்ளி திருமணம் நடித்தார்கள். அவருக்கு இருபது வயது, இவருக்குப் பதினெட்டு. கிட்டப்பாவின் எதிரே நின்றால் தாக்குப்பிடிக்க முடியாது என்று சுந்தராம்பாளைப் பலர் பயமுறுத்தியதாகச் சொல்வார்கள். தாக்குப்பிடித்தார். அடுத்த ஆண்டு இருவரும் மணந்துகொண்டார்கள்.

1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் கிட்டப்பா கொடுத்த தட்டுகளைக் கேட்டால் உடனே பிடிபடுவது உயரம். சாதாரணமாக ஆண் பாடகர் நிற்கும் சுருதியைத் தாண்டி, பெண் குரலின் எல்லைக்குள் போய் அங்கே சாவகாசமாக நின்று பாடுகிறார். சுந்தராம்பாளோடு தர்க்கம் செய்யும்போது ஆர்மோனியக்காரர் கட்டையை மாற்ற வேண்டிய அவசியமே இருந்திருக்காது. மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்கும் வார்த்தை போய்ச் சேர வேண்டும் என்ற நிர்ப்பந்தம் அந்த உயரத்தை உருவாக்கியது. மைக்கின் முன்னால் வந்தபோதும் அவர் அதைக் குறைத்துக்கொள்ளவில்லை. மூன்று நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாக ஓடும் பக்கத்தில், மேடையில் கால்மணி நேரம் விரிப்பதை மடித்து வைக்கிறார். பிருகா மழை போல வந்து விழ, ஆர்மோனியம் சில இடங்களில் பின்தொடர்வதோடு நின்றுவிடுகிறது. அவருக்கு மேடையில் ஆர்மோனியம் வாசித்தவர் சகோதரர் காசி ஐயர். கூடப் பிறந்தவருக்கே துரத்துவது சிரமமாக இருக்கும் வேகம் அது.

சுந்தராம்பாளின் தட்டுகள் வேறு உலகம். உயரம் அவரிடமும் உண்டு. ஆனால் அவர் அந்த உயரத்துக்கு வார்த்தையைத் தூக்கிக்கொண்டு போகிறார். ஒரு எழுத்துகூடச் சிதறாது. வல்லின றகரம் கல்லில் வெட்டினாற்போலக் கேட்கும். பிருகாவுக்கு இடம் இருந்தாலும் வார்த்தை முடியும் வரை காத்திருப்பார். அதனால் பக்கவாத்தியக்காரருக்கு மூச்சு விட நேரம் கிடைக்கிறது. கிட்டப்பாவின் தட்டில் வயலினும் ஆர்மோனியமும் ஓடுகின்றன. இவருடைய தட்டில் நடக்கின்றன. ஒரே நாடக மரபு, ஒரே மேடையில் பழகியவர்கள், ஒரே பாணி வாத்தியங்கள். வேறுபாடு முழுவதும் தொண்டையில் இருந்து பிறக்கிறது.

கிட்டப்பா 1933 டிசம்பர் 2 அன்று காலமானார். வயது இருபத்தேழு. பேசும் படம் வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தும் ஒரு படத்திலும் அவர் இல்லை. நமக்குக் கிடைத்திருப்பது தட்டுகள் மட்டும். சுந்தராம்பாள் அதற்குப் பின் வெள்ளைப் புடவைக்கு மாறி, ஆண் நடிகர்களுக்கு ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். 1935-இல் ஒரு லட்ச ரூபாய் சம்பளத்தில் நந்தனார் படத்துக்கு வந்தபோது, அவரே ஆண் வேடத்தில் நந்தனாராக நடித்தார். தர்க்கத்துக்கு எதிர்க்குரல் இல்லாமல் போன பிறகு அவர் பாட்டில் போட்டி போய் வேண்டுதல் வந்தது. இதை நான் அவருடைய வாழ்க்கைக் கதையை வைத்துச் சொல்லவில்லை. பாட்டுகளைக் காலவரிசையில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

இங்கே கொஞ்சம் தூரம் போய்வர வேண்டியிருக்கிறது. காலத்தால் அரை நூற்றாண்டு, தூரத்தால் பாதி உலகம். கலிபோர்னியாவின் ஹெர்மோசா பீச் என்ற கடற்கரை ஊரில் 1976-இல் கிரெக் கின் என்ற கிடார் கலைஞர் தொடங்கிய குழு, பின்னால் பிளாக் ஃபிளாக் என்று பெயர் பெற்றது. ஹார்ட்கோர் பங்க் என்ற இசைக்கு வழிவகுத்த குழுக்களில் ஒன்று. வேகமும் ஓசையும் கோபமும் கூடிய, ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும் பாட்டுகள். நம் ரசனைக்கு இது வெறும் கூச்சல் என்று தோன்றலாம். ஆனால் நாம் பேசிக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு இதைவிடச் சுத்தமான சான்று உலகில் எனக்குத் தெரிந்து இல்லை. காரணம், முதல் ஐந்தாறு ஆண்டுகளில் இந்தக் குழுவுக்கு நான்கு பாடகர்கள். பாட்டுகளில் பலவும் கின் எழுதியவை. ஒரே பாட்டை அடுத்தடுத்த பாடகர்களை வைத்துத் திரும்பத் திரும்பப் பதிவு செய்தார்கள்.

முதல் பாடகர் கீத் மோரிஸ். 1978-இல் பதிவாகி 1979-இல் வெளிவந்த நெர்வஸ் பிரேக்டவுன் தட்டில் நான்கே பாட்டு. எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல். மூக்கால் இழுத்து, சண்டைக்கு இழுக்கும் பையனின் தொனியில் பாடுகிறார். அடுத்து வந்தவர் ரான் ரெய்ஸ். 1980-இன் ஜெலஸ் அகெய்ன் தட்டில் அவர் குரல் உயர்ந்து கிறீச்சிடுகிறது. பாட்டு எந்த நொடியும் கைவிட்டுப் போய்விடும் என்ற பதற்றம் இருக்கிறது. அந்த ஆண்டே ஒரு நிகழ்ச்சியின் நடுவில் மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார். மூன்றாவது டெஸ் கடேனா. கரகரத்த, அடிவயிற்றிலிருந்து குரைக்கும் குரல். தொடர்ந்து கத்திப் பாடியதில் அவர் தொண்டை களைத்துப்போனது. பாட்டை விட்டுவிட்டுக் கிடார் எடுத்துக்கொள்கிறேன் என்றார். 1981 கோடையில் வாஷிங்டனில் ஐஸ்கிரீம் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஹென்றி ராலின்ஸ் நான்காவது பாடகராக வந்தார்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஒருவருடைய தொண்டை ஓய்ந்ததால் குழுவில் இரண்டாவது கிடார் முளைத்தது. அந்த ஆண்டின் இறுதியில் வந்த டேமேஜ்ட் என்ற முதல் முழுநீளத் தட்டின் தடித்த, இருண்ட ஓசைக்கு அந்த இரட்டைக் கிடார் ஒரு காரணம். வெளியுலகத்தின் மீதிருந்த கோபத்தைத் தன் மீதே திருப்பிக்கொண்ட ராலின்ஸின் நெஞ்சுக் குரல் இன்னொரு காரணம். பிறகு இசைத்தட்டு நிறுவனத்தோடு ஏற்பட்ட வழக்கினால் குழுவின் பெயரையே போட முடியாத நிலையில், 1982-இல் எவ்ரிதிங் வென்ட் பிளாக் என்ற தொகுப்பு வந்தது. அட்டையில் குழுவின் பெயருக்குப் பதில் இசைக்கலைஞர்களின் பெயர்கள். உள்ளே ராலின்ஸுக்கு முந்தைய மூன்று பாடகர்களின் பழைய பதிவுகள். கிம்மி கிம்மி கிம்மி என்ற பாட்டை அதில் மூவர் குரலிலும் கேட்டுவிட்டு, டேமேஜ்டில் நான்காமவர் குரலிலும் கேட்டால், எழுதியவர் கை எதுவரை நீண்டது, பாடியவர் எங்கே எடுத்துக்கொண்டார் என்பது கோடு போட்டாற்போலத் தெரிந்துவிடும். எழுதிய பாட்டு ஒன்று. முதலில் அது குறும்பு, பிறகு பதற்றம், பிறகு ஆத்திரம், கடைசியில் நோய். நம் நாடக உலகத்துக்கு அப்படி ஒரு தொகுப்பை யாரும் போடவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

போட முடியாததல்ல. ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: வள்ளி திருமணத்தில் வரும் காயாத கானகத்தே. சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டு, கிட்டப்பாவின் பேர்பெற்ற பாட்டுகளில் ஒன்று. 1945-இல் ஏவி. மெய்யப்பன் ஸ்ரீவள்ளி படம் எடுத்தபோது அதே பாட்டை டி.ஆர். மகாலிங்கம் பாடினார். கிட்டப்பாவின் வாரிசு என்று ஜனங்கள் கொண்டாடிய குரல். உயரம் அதேதான், பிருகாவும் அதே வேகம்தான். இருந்தும் பாட்டு வேறாகிவிட்டது. கிட்டப்பா ராகத்தை முன்னால் வைத்துக் கதையைப் பின்னால் விடுகிறார். எதிரே வள்ளி இருக்கிறாள் என்பதே சில நேரம் மறந்துபோகிறது. மகாலிங்கத்துக்கு எதிரே காமிரா இருக்கிறது. கொஞ்சல் கூடுகிறது. சிருங்காரம் முகத்தில் தெரிய வேண்டிய கட்டாயம் குரலுக்கும் வந்துவிடுகிறது. எனக்குக் கிட்டப்பாவின் பாட்டே மேல். மகாலிங்கத்தின் பாட்டுதான் ஊரெல்லாம் பரவியது என்பதும் உண்மை.

அதே ஸ்ரீவள்ளியில் இன்னொரு சம்பவம். வள்ளியாக நடித்த ருக்மிணியின் பாட்டு மகாலிங்கத்தின் சாரீரத்துக்கு ஈடாக இல்லை என்று மெய்யப்பனுக்குத் தோன்றியது. பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து, எடுத்து முடித்த படத்தின் மீது அந்தக் குரலைச் சேர்த்தார். 1938-இல் நந்தகுமார் படத்தில் இரவல் குரலைப் பயன்படுத்திப் பார்த்தவர் அவர். சிறுவன் மகாலிங்கம் அறிமுகமானதும் அந்தப் படத்தில்தான். முகமும் அசைவும் ருக்மிணியுடையவை, தொண்டை பெரியநாயகியுடையது. ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட்டுக்கு ஈடு கொடுக்காத ஸ்திரீபார்ட்டை மறுநாள் மாற்றுவது போலவே, படத்திலும் குரலை மட்டும் மாற்றிவிட்டார்கள். பின்னணிப் பாட்டு என்ற பெரிய ஏற்பாடு தமிழில் வேரூன்றியதில் இந்தப் பழைய கொட்டகை நியாயத்துக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

மறுபடி திருச்சிக்கு வருவோம். லோகிதாசனாக நடித்த பையன் 1926-இல் பொன்மலையில் பவளக்கொடி நாடகத்தில் அர்ஜுனனாக மேடை ஏறினான். வயது பதினாறு. புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை அன்று பக்கவாத்தியம் வாசித்து, பாடியது கேட்டு மகிழ்ந்து பாகவதர் என்ற பட்டத்தைச் சூட்டினார் என்பது திருச்சியில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. எட்டு ஆண்டுகள் கழித்து அதே பவளக்கொடியைக் கே. சுப்ரமணியம் படமாக்கினார், பாகவதரின் முதல் படம், எஸ்.டி. சுப்புலட்சுமி உடன் நடித்தார். பாட்டுகளைக் கவனித்தவர் பாபநாசம் சிவன்.

பாகவதரின் குரலும் உச்ச ஸ்தாயிக் குரலே. ஆனால் கிட்டப்பாவிடம் உயரம் ஒரு பாய்ச்சல். பாகவதரிடம் அது குடியிருக்கும் இடம். மேலே போன பிறகு அவர் அவசரப்படுவதில்லை. ஒவ்வொரு சங்கதிக்கும் சம எடை கொடுத்து, குரலைப் பெருக்காமல் பாடுகிறார். கொட்டகைக்காகப் பழக்கிய தொண்டையோடு வந்தும், மைக் பக்கத்தில் இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டு பாடிய முதல் பெரிய நாடகப் பாடகர் அவர் என்பது என் கருத்து. சிவன் அவருக்குக் கொடுத்த மெட்டுகளைப் பாருங்கள். மேல் ஷட்ஜமத்தில் நீண்டு நிற்க இடம் வைத்து, வார்த்தைகளைக் குறைத்து, நெடில்களை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார். அந்தத் தொண்டையை மனத்தில் வைத்துத் தைத்த சட்டை அது. கிட்டப்பா உயிரோடு இருந்து சிவனின் பாட்டுகளைப் பாடியிருந்தால் சிவன் வேறு மாதிரி எழுதியிருப்பார். நமக்குக் கிடைத்த தமிழ்த் திரைப்பாட்டு, பெருமளவில் பாகவதரின் தொண்டை அளவுக்கு வெட்டப்பட்டது. அவருக்குப் பின் வந்தவர்கள் பல ஆண்டுகள் அந்த அளவுக்குள் திணறினார்கள்.

திணறாமல் அந்த அளவை மாற்றித் தைத்தவர் ஸ்ரீரங்கத்துக்குக் கொள்ளிடம் தாண்டினால் வரும் பிச்சாண்டார்கோயில்காரர், ஜி. ராமநாதன். பாகவதருக்கும் இசையமைத்து, 1954-இல் தூக்குத் தூக்கியில் டி.எம். சௌந்தரராஜனுக்கும் இசையமைத்து, தொண்டைக்கேற்ப மெட்டு கட்டும் கலையை முழுதாக அறிந்தவர். அவருக்கு ஒரு தனி இதழ் வேண்டும், அடுத்தது அதுதான்.

அதற்கு முன் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஸ்ரீரங்கம் உத்தர வீதி, சித்திரை வீதி வீடுகளிலும், உறையூர், வரகனேரி, பொன்மலை வீடுகளிலும் பரணில் இன்னும் பழைய நாடகத் தட்டுகள் கிடக்கும். அவை அரக்குக் கலவையில் செய்தவை. படுக்கவைத்து அடுக்காதீர்கள், கனம் தாங்காமல் கீழ்த்தட்டு விரிந்துவிடும். புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்து குரலும் சேர்ந்து போய்விடும். உலர்ந்த மெல்லிய துணி போதும். பழைய இரும்பு ஊசியை வைத்து ஆசைக்கு ஓட்டிப் பார்க்காதீர்கள். லேபிளில் உள்ள பாடகர் பெயர், பாட்டு, எண், லேபிளைச் சுற்றிய வழுவழுப்பான வளையத்தில் பொறித்திருக்கும் எண் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் விசாரித்து, பாதுகாப்பாகப் படியெடுக்க வழி கேளுங்கள். ஒரே நாடகப் பாட்டை இரண்டு பேர் பாடிய தட்டுகள் உங்களிடம் இருந்தால் தொடருக்கு எழுதுங்கள். அந்த ஜோடிகளைப் பட்டியலாக்கி இங்கேயே வெளியிடுவோம்.